பால் கேட்காத காப்பி

வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா காலத்திலிருந்து காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிறோம். போன இதழில் 'லைட் ரோஸ்ட்', அதாவது கொட்டையைக் கறுக்கவிடாமல் இளம் வறுவலாக இறக்குவது, பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை வேறு எதுவும் வேண்டாம், அதையே பேசிவிடலாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் கால் கிலோ காப்பித்தூள் வாங்கிவந்தான். 'சிங்கிள் ஆரிஜின், லைட் ரோஸ்ட், மழைக்காட்டில் விளைந்தது' என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது. விலை அறுநூறு சொச்சம். பித்தளை ஃபில்டரில் வழக்கம்போல் போட்டேன். டிகாஷன் டீத்தண்ணி மாதிரி இறங்கியது. பால் ஊற்றினால் புளிப்பு. பிள்ளை ஏமாந்துவிட்டானா?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பிள்ளையைத் திட்டாதீர்கள் அம்மா, அவன் ஏமாறவில்லை. உங்கள் ஃபில்டரும் உங்கள் கையும் பழகியது வேறு தூளுக்கு. நம் பக்கத்துக் கடைத்தூளில் பெரும்பாலும் அரபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு காப்பி இனமும் கலந்திருக்கும், கொட்டை நன்றாகக் கறுக்க வறுபட்டிருக்கும், அதற்கு மேல் சிக்கரி வேறு. டிகாஷன் கறுப்பாகக் கெட்டியாக இறங்குவதில் சிக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மகன் வாங்கிவந்ததில் இது எதுவுமே கிடையாது.

வறுவலில் என்ன வித்தியாசம் என்பதை அடுப்பங்கரையில் நிற்பவன் சொன்னால்தான் புரியும். பச்சைக்கொட்டையை டிரம்மில் கொட்டிச் சுற்றவிட்டதும் முதலில் ஈர வைக்கோல் வாசம் வரும். கொஞ்ச நேரத்தில் கொட்டை மஞ்சளாகி ரொட்டிக்கடை வாசம். 196 டிகிரி வாக்கில் சோளப்பொரி வெடிக்கிற மாதிரி பட்பட்டென்று ஒரு சத்தம் கிளம்பும். அதுதான் முதல் வெடி. லைட் ரோஸ்ட்காரர்கள் அது அடங்கியும் அடங்காததுமாக இறக்கிவிடுவார்கள். எங்கள் அப்பாவோ அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தே வருவார். 224 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடி, இது சன்னமாக, காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும். கொட்டைமேல் எண்ணெய் மினுக்கும்போதுதான் அவர் தட்டில் இறக்குவார். இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் கொட்டையில் இருந்த பழப்புளிப்பெல்லாம் அடங்கி, வறுவல் கசப்பு மேலே வந்துவிடும். பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுப்பது அந்தக் கசப்புதான். உங்கள் பொட்டலத்தில் புளிப்பு அப்படியே இருக்கிறது. அதில் பால் ஊற்றினால் ஒட்டாது. பால் காலையில் வாங்கியதாக இல்லாமல் கொஞ்சம் பழசாக இருந்தால் திரிந்தும் போகும்.

இப்படிச் செய்து பாருங்கள். எவர்சில்வர் சொம்பில் மேசைக்கரண்டியால் தலைதட்டி மூன்று கரண்டித் தூள், 15 கிராம் வரும். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிஷம் விட்டு, ஒரு பெரிய டம்ளர், அதாவது 240 மில்லி, ஊற்றுங்கள். இதற்கு நல்ல சூடு வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் புளிப்பு மட்டும் இறங்கும், இனிப்பு தூளிலேயே தங்கிவிடும். மூடி வைத்து நான்கு நிமிஷம். மேலே மிதக்கும் கப்பியைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, மெல்லிய மல் துணியில் வடிகட்டுங்கள். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கக் கூடாது. ஒரு தடவை நான் அப்படிச் செய்து, தோட்டத்துக்காரர் சொன்ன 'மல்லிகை வாசம்' பிரமாதமாக வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி வந்து மோந்துவிட்டு சலவைச் சோப்பின் பெயரைச் சொன்னாள்.

பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஆற்றவும் வேண்டாம், தானாக ஆறட்டும். சுடச்சுடக் குடித்தால் ஒன்றும் தெரியாது. நாக்கு பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் புளிப்பு ஆரஞ்சா, புளியம்பழமா, நெல்லிக்காயா என்று யோசிக்கத் தோன்றும். அப்படியும் பிடிக்கவில்லையா? மிச்சத்தை உங்கள் வழக்கமான தூளில் நாலில் ஒரு பங்கு கலந்து தீர்த்துவிடுங்கள். அறுநூறு ரூபாய்த் தூளுக்கு இந்தக் கதி பாவம்தான், ஆனாலும் குப்பைக்குப் போவதைவிடத் தேவலை.

சிங்கிள் ஆரிஜின் என்றால் ஒரே நாடா, ஒரே ஊரா, ஒரே தோட்டமா? எங்கள் தெரு காப்பிக்கடைக்காரர் "எல்லாக் காப்பியும் ஏதோ ஒரு ஊரில் விளைந்ததுதானே சார்" என்கிறார்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

அவர் கெட்டிக்காரர். கலக்காமல் ஒரே இடத்துக் காப்பி என்று பொருள், ஆனால் 'இடம்' என்றால் எவ்வளவு பெரிசு என்பதற்கு இறுக்கமான வரையறை கிடையாது. 'எத்தியோப்பியா' என்று ஒரு நாட்டையே எழுதிவிட்டும் சிங்கிள் ஆரிஜின் என்கிறார்கள், ஒரு தோட்டத்தின் ஒரே ஒரு சரிவையும் சிங்கிள் ஆரிஜின் என்கிறார்கள். தோட்டத்தின் பெயர், உயரம், செடி ரகம், பதம் செய்த விதம், வறுத்த தேதி, இந்த ஐந்தும் பொட்டலத்தில் இருந்தால் நம்பலாம் என்பது என் கணக்கு. வெறும் 'பிரீமியம்', 'எக்ஸாட்டிக்' என்று மட்டும் இருந்தால் பொட்டலத்தைத் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. அப்பா கடை வைத்த காலத்தில் தோட்டத்துப் பெயர் என்ற பேச்சே கிடையாது. தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் போட்டுவிட வேண்டும். அங்கே எல்லாம் தரவாரியாக ஒன்றாகி ஏலத்துக்கு வரும். மூட்டைமேல் 'பிளாண்டேஷன் ஏ', 'பீபரி', 'அரபிகா செர்ரி' என்று தரம்தான் இருக்கும். குடகில் யாருடைய மலை, ஏற்காட்டில் யாருடைய தோட்டம் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். 1992 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996 வாக்கில் தோட்டக்காரர்கள் தங்கள் காப்பியைத் தாங்களே விற்கலாம் என்று ஆனது. அதற்குப் பிறகுதான் தோட்டத்தின் பெயர் போட்ட மூட்டை எங்கள் சந்துக்கு வர வழி பிறந்தது.

அப்பாவின் வித்தை கலப்பதில் இருந்தது. இந்த வருஷம் பீபரியில் காரம் குறைவு என்றால் ரோபஸ்டாவை இரண்டு பிடி கூட்டுவார். பத்து வருஷம் கழித்து வந்தாலும் வாடிக்கையாளருக்கு அதே ருசி கிடைக்க வேண்டும், அதுதான் அவர் கடையின் மானம். ஒரே தோட்டத்துக் காப்பி இதற்கு நேர் எதிர். போன வருஷம் வாங்கிய அதே தோட்டத்துக் கொட்டை இந்த வருஷம் வேறு மாதிரி இருக்கும். மழை முன்னே பின்னே பெய்திருக்கும், பழம் பறிக்க ஆள் கிடைத்திருக்காது. முதன்முதலாக ஒரு மூட்டையின் ருசி மாறியபோது வியாபாரியிடம் சண்டைக்கே போய்விட்டேன். "மாம்பழம் வருஷாவருஷம் ஒரே மாதிரியா இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, போனை வைத்துவிட்டேன்.

மழைக்காட்டில் விளைந்தது என்றால் காட்டுக்குள் தானாக முளைத்த செடியா? அப்படியானால் காட்டை அழித்துத்தானே பயிரிட்டிருப்பார்கள்?
— கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

நல்ல கேள்வி. இரண்டுமே ஓரளவு உண்மை.

காப்பிச்செடி பிறவியிலேயே காட்டுச்செடி. அரபிகாவின் பூர்வீகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். ரோபஸ்டாவுக்கு மத்திய, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகள். பெரிய மரங்களுக்குக் கீழே அரை நிழலில் வளர்ந்து பழகிய செடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதைக் கொண்டுவந்து நட்டபோது காடு அழிந்தது நிஜம்தான். ஆனால் தேயிலைக்கு அழித்தமாதிரி பெரும்பாலும் மொட்டையடிக்கவில்லை. கீழே இருந்த புதரை வெட்டிவிட்டு, தலைக்குமேல் மரங்களை நிழலுக்காக விட்டுவைத்தார்கள்.

சொன்னால் புரியாது, வால்பாறைக்குப் போய்ப் பாருங்கள். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் தேயிலை, சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி. காப்பி இருக்கிற இடங்களில் மட்டும் திடீரென்று வெளிச்சம் குறையும். ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் என்ற எஸ்டேட்டில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, பிடரியில் வெள்ளை மயிரோடு ஒரு சோலைமந்திக் கூட்டம் பலாமரத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கியது. சிங்கவால் குரங்கு என்பதும் அதைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஜீவன், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ரோட்டைக் கடந்து போனது. அதற்குள் என் கணுக்காலில் மூன்று அட்டை. கூட வந்த தோட்டத்துத் தொழிலாளி அண்ணன் மடியிலிருந்து மூக்குப்பொடியை எடுத்துத் தூவினார். பொலபொலவென்று விழுந்தன.

நிழலால் காப்பிக்கு என்ன லாபம்? மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பது பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். பூமழை என்றே அதற்குப் பெயர். அதிலிருந்து அரபிகாப் பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதம். நிழலும் மலைக்குளிரும் இருந்தால் பழம் அவசரப்படாமல் பழுக்கும், கொட்டை இறுகும். வெயில் நேராக விழும் தோட்டத்தில் அரபிகாத் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் தண்டு துளைப்பான் புகுந்துகொள்ளும். நிழல் உள்ள இடத்தில் அதன் ஆட்டம் குறைவு. ஆகவே நிழல்மரம் வளர்ப்பது தோட்டக்காரருக்குத் தர்மகாரியம் மட்டும் அல்ல, பிழைப்பும்கூட.

ஆனால் நிழல் என்று சொன்னதெல்லாம் மழைக்காடு ஆகிவிடாது. நிறையத் தோட்டங்களில் இருப்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நெட்டையாக நிற்கும், மிளகுக்கொடி ஏறும், வேண்டும்போது வெட்டி விற்கலாம். இருவாச்சிப் பறவை அதில் என்ன செய்யும்? அதற்குப் பழம் தர அத்தி வேண்டும், பொந்து வைக்கக் கிழட்டு மரம் வேண்டும். 'என்ன என்ன மரங்கள் நிற்கின்றன' என்று விற்பவரைக் கேளுங்கள். நாலு மரத்தின் பெயர் சொன்னால் அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, பொட்டலத்தில் பச்சைத் தவளை முத்திரை இருந்தால் 'மழைக்காட்டுக் காப்பி' என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் சான்று அது. பண்ணையை எப்படி நடத்துகிறார்கள், தொழிலாளரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கொடுப்பது. செடி மழைக்காட்டில்தான் நிற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. பக்கத்தில் ஆரஞ்சு மரம் இருந்தால் கொட்டையில் ஆரஞ்சு வாசம் ஏறும், மிளகுக்கொடி இருந்தால் மிளகு ஏறும் என்பதும் விற்பனைப் பேச்சுதான். அந்த வாசமெல்லாம் ரகம், உயரம், பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்தது, பதமாகப் புளிக்கவைத்துக் காயவைத்தது, இவற்றிலிருந்து வருவது.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட். லைட் ரோஸ்ட் என்றால் தூக்கத்தைத் தடுக்காதா?
— ஒரு வாசகர், ராயபுரம்

தடுக்கும். 'லைட்' என்பது வறுவலின் நிறம். வறுப்பதால் காஃபீன் பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. செடியைப் பொறுத்துத்தான் மாறும்: அரபிகாவில் எடையில் 1.2 சதம் வாக்கில், ரோபஸ்டாவில் 2.2 சதம் வாக்கில். சிக்கரியில் துளிகூடக் கிடையாது. ஆகவே கன்னங்கரேலென்று இருக்கிற சிக்கரி டிகாஷனைப் பார்த்து 'ஸ்ட்ராங்கு' என்று நினைத்துக் குடித்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

இந்தத் தூளோடு சிக்கரி சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, மூலக்கடை

வேண்டாம். சிக்கரி எனக்கு எதிரி இல்லை, என் கடையில் பாதி வியாபாரம் அதில்தான். ஆனால் இதில் போட்டால் சிக்கரி மட்டும்தான் தெரியும். மற்றபடி கலவைத்தூள் வாங்கும்போது பொட்டலத்தில் காப்பி எத்தனை சதம், சிக்கரி எத்தனை சதம் என்று பாருங்கள். அச்சிட்டே ஆக வேண்டும், காப்பி 51 சதத்துக்குக் கீழே போகக் கூடாது. சட்டம் அது.

கடையில் நீங்கள் போட்டுக்கொடுத்தபோது நன்றாக இருந்தது. வீட்டில் அதே தூள், அதே அளவு, வாயில் வைக்க முடியவில்லை.
— ஒரு வாசகர், எண்ணூர்

தண்ணீர். உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிறது. போர் தண்ணீரில் சிக்கரிக் காப்பி போட்டால் எப்படியோ சமாளித்துவிடலாம், இது தாங்காது. உப்பும் சுண்ணாம்பும் அந்தப் பழப்புளிப்பை அடித்துச் சாப்பிட்டுவிடும், மிஞ்சுவது சப்பென்று ஒரு கசப்பு.

நான் பக்கத்துக் கடை ஆர்.ஓ. மெக்கானிக்கிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் கடன் வாங்கி ஒரு நாள் சோதித்தேன். எங்கள் சந்து போர் தண்ணீர் 1,140. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் 260. வீட்டு ஆர்.ஓ. 35. மூன்றிலும் ஒரே தூளைப் போட்டுக் கடைப் பையனிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். போரைத் துப்பிவிட்டான். ஆர்.ஓ.வில் போட்டது எலுமிச்சைச் சாறு மாதிரி கூர்மையாக, உடம்பே இல்லாமல் இருந்தது. காப்பிக்கு 150 வாக்கில் இருந்தால் உத்தமம் என்பது உலகம் முழுக்கக் காப்பி ருசி பார்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே ஆர்.ஓ.வும் மெட்ரோ தண்ணீரும் பாதிப்பாதி கலந்தேன். 148 காட்டியது. பையன் அந்த டம்ளரைத்தான் காலி செய்தான். உங்களுக்கு மெட்ரோ தண்ணீர் வராவிட்டால் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

தூளை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

கூடாது. வெளியே எடுக்கும்போதெல்லாம் வேர்க்கும், கூடவே நேற்றைய மீன் குழம்பு வாசமும் ஏறும். நம் கடற்காற்றில் எது திறந்திருந்தாலும் நமுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். காற்றுப் புகாத டப்பா, அலமாரியின் இருட்டு மூலை, அவ்வளவுதான். தூளாக வாங்கினால் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். கொட்டையாக வாங்கினால் வறுத்து ஒரு வாரம் பத்து நாள் சும்மா இருக்கவிட்டுப் பிறகு அரையுங்கள். லைட் ரோஸ்ட் கொட்டையிலிருந்து காற்று மெதுவாகத்தான் வெளியேறும், வறுத்த அன்றே போட்டால் ருசி விரிந்துகொடுக்காது.

உங்கள் கடையில் இந்த வகை கிடைக்குமா?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

நம்ம பேட்டை ஆளா! வாருங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு, 3 கிலோ மட்டும் வறுக்கிறேன். அந்த நேரம் எதற்கு என்றால் அதற்கு ஒரு அவமானக் கதை இருக்கிறது. முதல்முறை வறுத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பக்கத்தில் அரைவை மெஷின் ஓடுகிறது, தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரன். முதல் வெடி எப்போது வந்தது, எப்போது போனது என்றே காதில் விழவில்லை. நிறத்தை நம்பி இறக்கினேன். அது வெடிக்கவே இல்லை. ரயில்வேயில் ரிட்டையரான ஒரு வாடிக்கையாளர் நூறு கிராம் வாங்கிப்போனவர், மறுநாள் டப்பாவோடு திரும்பி வந்தார். "தம்பி, வேர்க்கடலை அவிச்ச தண்ணி மாதிரி இருக்குப்பா" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் போட்டுக் குடித்தேன். அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். 3 கிலோ பச்சைக்கொட்டை போட்டால் 2 கிலோ 600 கிராம் கைக்கு வரும். அப்பா மாதிரி கறுக்க வறுத்தால் இரண்டரைதான் தேறும். வறுப்பு சேதாரம் குறைவாக இருந்தும் ஏன் விலை அதிகம் என்று கேட்பீர்கள்: பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்த கூலி, கறுப்பும் பூச்சியும் பொறுக்கி எடுத்த கூலி. கறுக்க வறுத்தால் அந்தக் குறையெல்லாம் மறைந்துவிடும், இதில் ஒரு சொத்தைக்கொட்டை விழுந்தாலும் டம்ளரே காட்டிக்கொடுக்கும்.

அந்த ரயில்வே பெரியவர் மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் காசிமேட்டு வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை போடாமல் அரை டம்ளர் குடிப்பாராம். வெற்றிலை போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார். வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. இந்த மாதம் அவருக்குப் போக அரைக் கிலோ இருக்கிறது, ஏற்காட்டு அரபிகா. வருவதானால் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டுவாருங்கள், காகிதப் பொட்டலத்தில் கட்டித்தர மாட்டேன்.